கிரிவலப் பாதையில் ஒரு நூல்

நேயர்களுக்கு வணக்கம்.

ஒன்பதாம் வகுப்புக்குப் பாடம் எடுத்த காலத்தில் வருஷா வருஷம் ஒரு கேள்வி கேட்பேன். திருவண்ணாமலை ராஜகோபுரத்தில் கிளம்பி, மலையைச் சுற்றி, அதே இடத்துக்கு வந்து சேர்கிறீர்கள். இடப்பெயர்ச்சி எவ்வளவு? பாதி வகுப்பு 14 கிலோமீட்டர் என்று சொல்லும். பூஜ்யம் என்றேன். ஒரு மாணவிக்குக் கோபமே வந்துவிட்டது. "எங்க பாட்டி கால் வீங்கிப் போய் வந்து படுத்தாங்க சார், பூஜ்யம்னா எப்படி?"

அவள் கேட்டது நியாயம்தான். பாட்டி நடந்த 14 கிலோமீட்டர் எங்கும் போய்விடவில்லை. அதற்குப் பெயர் தொலைவு, கடந்துவந்த பாதையின் மொத்த நீளம். இடப்பெயர்ச்சி கேட்பது வேறு கேள்வி: கிளம்பிய இடத்தில் இருந்து இப்போது நேர்கோட்டில் எவ்வளவு தள்ளி நிற்கிறாய், எந்தத் திசையில்? திசை சொல்லாவிட்டால் அந்தப் பதில் பாதிதான்.

சரி, செய்தே பார்ப்போம் என்று 28 சென்டிமீட்டர் நூல் வெட்டச் சொன்னேன். ஒரு கிலோமீட்டருக்கு 2 சென்டிமீட்டர். கிரிவலப் பாதை சரியான வட்டம் இல்லை, கணக்குக்காக வட்டமாக வைத்துக்கொண்டோம். கிழக்கே கோபுரத்துக்கு ஒரு குண்டூசி. மலை வலப்பக்கம் இருக்க, தெற்கு நோக்கி விரல் நகர்ந்தது.

கால்வாசி நடந்தால் 3.5 கிலோமீட்டர். குண்டூசியில் இருந்து ஸ்கேலை வைத்தால் சுமார் 6.3 சென்டிமீட்டர், அதாவது 3.15 கிலோமீட்டர், தென்மேற்கே. பாதிச் சுற்றில் நடந்தது 7 கிலோமீட்டர், ஸ்கேல் காட்டுவது ஏறக்குறைய 9 சென்டிமீட்டர், அதாவது நாலரை கிலோமீட்டர், நேர் மேற்கே. அந்தக் கோடு மலையைத் துளைத்துக்கொண்டு போகிறது! அந்த வழியே யாரும் நடந்ததில்லை, நடக்கவும் முடியாது. ஆனாலும் இடப்பெயர்ச்சி அதுதான்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் அதற்கு அப்புறம் வருவது. பாதியைத் தாண்டியதும் நடக்க நடக்கத் தொலைவு கூடுகிறது, இடப்பெயர்ச்சியோ குறைகிறது. முக்கால் சுற்றில் தொலைவு 10.5. இடப்பெயர்ச்சி மறுபடி 3.15தான், ஆனால் இப்போது வடமேற்கே. எண் ஒன்று, திசை வேறு. ஆகவே இரண்டும் ஒரே இடப்பெயர்ச்சி இல்லை. எட்டுத் திசைக்கும் எட்டு லிங்கம் உள்ள பாதை (மேற்கே இருப்பது வருண லிங்கம்) என்பதால் பிள்ளைகளுக்கு இது சட்டென்று பிடிபட்டது.

வண்டியில் கிலோமீட்டர் காட்டும் மீட்டருக்குத் தொலைவு மட்டும்தான் தெரியும். ஊரெல்லாம் சுற்றிவிட்டு வீட்டு வாசலில் நிறுத்தினாலும் அதன் எண் இறங்காது. பாட்டி 4 மணி நேரத்தில் சுற்றி வந்திருந்தால் சராசரி வேகம் மணிக்கு 3.5 கிலோமீட்டர், இடப்பெயர்ச்சியை நேரத்தால் வகுத்தால் வரும் சராசரி திசைவேகமோ பூஜ்யம்.

அந்த மாணவி நூலை மறுபடி ஒருமுறை சுற்றி வைத்து, ஸ்கேலை நகர்த்தி நகர்த்திப் பார்த்தாள். "அப்போ பாட்டி ரொம்பத் தள்ளி இருந்தது வருண லிங்கத்துப் பக்கமா சார்?"

ஆமாம் என்றேன்.

நன்றி, வணக்கம்.