புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒட்டிய தாள்

வணக்கம் நேயர்களே.

எங்கள் வாசிப்பு வட்டத்தில் மாதம் ஒரு புத்தகம் எடுத்துப் படிப்போம். பத்துப் பேருக்கு மேல் சேர மாட்டோம். போன மாதம் எடுத்தது அமெரிக்காவில் நடந்த ஓர் உண்மைக் குற்றச் சம்பவத்தைப் பற்றிய புத்தகம். வழக்கமாக ஒன்றரை மணி நேரத்தில் கலைந்துவிடுகிற கூட்டம், அன்றைக்குப் பேச்சு முடியாமல் அடுத்த வாரமும் கூடியது. அந்தப் பேச்சைத்தான் இன்று உங்களிடம் பகிர்ந்துகொள்ள வந்திருக்கிறேன்.

முதலில் சம்பவத்தைச் சொல்லிவிடுகிறேன். லிசா நோவாக் அப்போது அமெரிக்கக் கடற்படை அதிகாரி, நாசாவின் விண்வெளி வீராங்கனை. 2007 பிப்ரவரி 5, விடியற்காலை. ஹூஸ்டனிலிருந்து சுமார் 1,450 கிலோமீட்டர் கார் ஓட்டிக்கொண்டு வந்து, புளோரிடாவின் ஆர்லாண்டோ விமான நிலையத்தில் அவர் காத்திருந்தார். தலையில் விக், உடம்பில் நீளமான கோட்டு. காத்திருந்தது ஒரு பெண்ணுக்காக. அந்தப் பெண் விமானப்படையில் கேப்டன். நோவாக்கோடு உறவில் இருந்த சக விண்வெளி வீரர் வில்லியம் ஓஃபெலைன், இந்தப் பெண்ணோடு பழகத் தொடங்கியிருந்தார்.

அந்தப் பெண் விமான நிலைய பஸ்ஸில் ஏறி, தன் காரை நிறுத்தியிருந்த இடத்துக்குப் போனார். நோவாக் பின்னாலேயே போனார். காரின் கண்ணாடியைத் தட்டினார், கதவைத் திறக்கப் பார்த்தார், உதவி கேட்டார், அழுதார். உள்ளே இருந்தவர் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினார். அந்த இடைவெளி வழியாக நோவாக் அவர் முகத்தில் பெப்பர் ஸ்ப்ரே அடித்தார். எரிகிற கண்ணோடு அந்தப் பெண் காரைக் கிளப்பி, கட்டணம் வாங்கும் சாவடிக்கு ஓட்டிப் போய் உதவி கேட்டார். போலீஸ் வந்தபிறகு கைப்பற்றிய பொருட்களில் சின்ன உருண்டைக் குண்டுகளைச் சுடும் பி.பி. துப்பாக்கி, இரும்புச் சுத்தியல், மடக்குக் கத்தி, ரப்பர் குழாய், குப்பைப் பைகள் எல்லாம் இருந்தன.

அந்தப் பெண்ணின் பெயர் அப்போது எல்லாச் செய்தித்தாளிலும் வந்ததுதான். இருந்தாலும் நான் இங்கே சொல்லப் போவதில்லை. அந்த ராத்திரியில் அவர் வீட்டுக்குப் போகத் தன் காரில் ஏறினார், அவ்வளவுதான்.

சரி, புத்தகத்துக்கு வருகிறேன். 2007 முடிவதற்குள்ளேயே இந்தச் சம்பவத்தைப் பற்றிய புத்தகம் கடைக்கு வந்துவிட்டது. எங்கள் வட்டத்தில் முதல் குறை அதைப் பற்றித்தான் எழுந்தது. நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற ஐயா ஒருவர் எங்களோடு படிக்கிறார். "விசாரணையே தொடங்காத வழக்குக்கு எப்படிங்க புத்தகம் போடுறது? வழக்குக் கட்டு முடியலையே" என்றார். அவர் சொன்னது சரி என்றுதான் எனக்கும் பட்டது. முதலில் கொலை முயற்சி என்று போலீஸ் வழக்குப் போட்டது. பிறகு அரசு வழக்கறிஞர் தரப்பில் அது கடத்தல் முயற்சி, காருக்குள் அத்துமீறல், தாக்குதல் என்று மாறியது. 2007 நவம்பரில் நீதிபதி, நோவாக் போலீஸிடம் கொடுத்த வாக்குமூலத்தையும் அவருடைய காரில் கிடைத்த பொருட்களையும் சாட்சியமாக ஏற்க முடியாது என்றார். ஓராண்டு கழித்து மேல்முறையீட்டில், காரில் கிடைத்தவை செல்லும், வாக்குமூலம் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. கடைசியில் 2009 நவம்பர் 10 அன்று நோவாக் குறைந்த குற்றங்களை ஒப்புக்கொண்டார். முழு விசாரணை நடக்கவே இல்லை. ஓராண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, 50 மணி நேரச் சமூகப் பணி, கோபத்தைக் கட்டுப்படுத்தும் வகுப்பு, பாதிக்கப்பட்டவருக்கு மன்னிப்புக் கடிதம். சிறை என்று பார்த்தால், கைதான சமயத்தில் இருந்த இரண்டு நாள்தான்.

இது எதுவும் 2007இல் எழுதியவருக்குத் தெரிய வழியில்லை. அப்புறம் எதற்கு அவ்வளவு அவசரம் என்று ஐயா கேட்டார். செய்தி சூடாக இருக்கும்போதே விற்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கும் பதில் தெரியவில்லை.

அடுத்துப் பேசியவர் இயற்பியல் ஆசிரியை. அவருக்கு இந்த மனுஷியின் மேல் இருந்த மரியாதை போகவே இல்லை. குற்றத்தை அவர் மறுக்கவில்லை. ஆனால் அந்த விடியற்காலைக்கு முந்தைய பத்து வருடத்தை நிதானமாகப் படிக்க வேண்டும் என்றார். 1996இல் நாசாவின் பயிற்சிக் குழுவில் ஒரே தடவையில் 44 பேர் சேர்ந்தார்கள். அதில் ஒருவர் நோவாக். எடுத்ததும் யாரும் பறந்துவிடுவதில்லை. அவர் வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது, 2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா விண்கலம் திரும்பி வரும் வழியில் சிதறியது. நமக்கு அந்த நாள் என்றால் கல்பனா சாவ்லாவின் முகம்தான் நினைவுக்கு வரும். அதே கலத்தில் இறந்த லாரல் கிளார்க், நோவாக்கோடு ஒரே குழுவில் தேர்வானவர், நெருங்கிய தோழி. அதன் பிறகு இரண்டரை வருடம், ஆட்களை ஏற்றிச் செல்லும் நாசா விண்கலம் எதுவும் பறக்கவில்லை. நோவாக்குக்கு முறை வந்தது 2006 ஜூலை 4இல். டிஸ்கவரியில் ஏறிப் போனார். ஏறக்குறைய 13 நாள் பயணம். விண்கலத்தின் இயந்திரக் கையை இயக்கியவர்களில் அவரும் ஒருவர்.

"பத்து வருஷம் காத்திருந்து பதின்மூன்று நாள் பறந்தவர். திரும்பி வந்து ஏழு மாதத்தில் கார் நிறுத்துமிடத்தில் விக்கோடு நிற்கிறார். நடுவில் என்ன நடந்தது என்று ஒரு மருத்துவர் எனக்குச் சொல்ல வேண்டும்" என்றார் ஆசிரியை.

அவருடைய கேள்வி வெறும் ஆர்வத்தில் கேட்டதில்லை. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு நாசா தன் வீரர்களின் உடல்நல, மனநலக் கவனிப்பை வெளியாட்களைக் கொண்டு ஆராயச் சொன்னது. வேலைக்கு எடுக்கும்போது மனநலப் பரிசோதனை உண்டு. எடுத்த பிறகு, விண்வெளி நிலையத்தில் மாதக்கணக்கில் தங்கப் போகிறவர்களைத் தவிர மற்றவர்களுக்கு அது வாடிக்கையாக நடக்கவில்லை. ஆண்டுதோறும் ரத்தத்தையும் இதயத்தையும் கண்ணையும் பார்த்தார்கள். தூக்கம் வருகிறதா, மனசு எப்படி இருக்கிறது என்று கேட்கிற ஏற்பாடு இல்லை. பிறகுதான் அதையும் ஆண்டுப் பரிசோதனையில் சேர்ப்பதாக அறிவித்தார்கள்.

இதற்கு எங்கள் வட்டத்தில் பலமான மறுப்பு வந்தது. மறுத்தவர் இரவுப் பணி பார்க்கிற செவிலியர், எங்களுக்கெல்லாம் அக்கா. அவர் அதிகம் பேச மாட்டார். அன்றைக்குப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்: "நான் ராத்திரி ரெண்டு மணிக்கு வண்டி எடுக்கப் போறவ. அந்த அம்மா எத்தனை வருஷம் காத்திருந்தாங்கன்னு படிச்சேன், சரி. கார் உள்ள இருந்த பொண்ணுக்கு அன்னைக்கு எப்படி இருந்திருக்கும்னு எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம்."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

அக்கா சொன்ன இன்னொன்றுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. இந்த வழக்கைப் பற்றி உலகம் நினைவில் வைத்திருப்பது டயாப்பரை. வழியில் நிற்காமல் வருவதற்காக நோவாக் டயாப்பர் கட்டிக்கொண்டார் என்று போலீஸ் ஆவணத்தில் ஒரு வரி இருந்தது. விண்கலம் கிளம்பும்போதும் இறங்கும்போதும் வீரர்கள் அப்படிப்பட்ட உடுப்பு அணிவது சாதாரணம். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு அமெரிக்கத் தொலைக்காட்சிகளில் வாரக்கணக்கில் சிரித்தார்கள். நோவாக்கின் வழக்கறிஞர் அதை அடியோடு மறுத்தார். 2005இல் ரீட்டா புயலுக்குப் பயந்து ஹூஸ்டனைவிட்டுக் குடும்பத்தோடு கிளம்பியபோது பிள்ளைகளுக்காக வாங்கியது காரிலேயே கிடந்தது என்று விளக்கம் சொன்னார். அந்த விளக்கம் பலர் காதுக்குப் போய்ச் சேரவில்லை. எங்கள் வட்டத்திலேயே மூன்று பேர், புத்தகத்தை எடுத்ததும் முதலில் தேடியது அந்தப் பக்கத்தைத்தான் என்று ஒப்புக்கொண்டார்கள். அதில் நானும் உண்டு. வெட்கமாகத்தான் இருந்தது.

ஒரு பையில் சுத்தியலும் கத்தியும் ரப்பர் குழாயும் இருந்தன. அந்தப் பையைப் பற்றி உலகம் பேசியிருக்க வேண்டும். பேசியது டயாப்பரைப் பற்றி. சிரிப்பாகிப் போன சம்பவத்தில் பாதிக்கப்பட்டவர் ஒருவர் இருக்கிறார் என்பதே மறந்துவிடுகிறது. தாக்கியவர் கோமாளி ஆகிவிட்டால், தாக்கப்பட்டவரின் பயமும் சிறியதாகத் தெரிகிறது. அக்காவின் கோபம் அதன் மேல்தான்.

வட்டத்திலேயே இளையவள் கல்லூரியில் படிக்கிற பெண். அவள் கேட்டது ஒரே கேள்வி. "ரெண்டு பொண்ணுங்களைப் பத்தியே எல்லாரும் பேசுறீங்க. அந்த ஆள் எங்கே?" ஓஃபெலைன் மேல் எந்த வழக்கும் இல்லை, அவர் குற்றம் செய்ததாக யாரும் சொல்லவும் இல்லை. நாசா அவரையும் அந்த வருடமே கடற்படைக்குத் திருப்பி அனுப்பிவிட்டது. இருந்தாலும் முக்கோணக் காதல் என்று தலைப்புப் போட்ட பத்திரிகைகள் இரண்டு மூலையைத்தான் படமாகப் போட்டன என்பது அவள் சொன்னது. அவள் சொன்ன பிறகு பழைய செய்திகளைத் தேடிப் பார்த்தேன். நான் பார்த்தவரை அவள் சொன்னது உண்மை.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஓஃபெலைன் விமானியாகப் பறந்த விண்கலம் 2006 டிசம்பரில் போனது. அதில் ஏறித்தான் சுனிதா வில்லியம்ஸ் முதன்முறையாக விண்வெளி நிலையத்துக்குப் போனார். 2007 பிப்ரவரி 4 அன்று சுனிதா நிலையத்துக்கு வெளியே மிதந்தபடி வேலை செய்தார். 8ஆம் தேதி மறுபடி வெளியே வந்தார். இரண்டுக்கும் நடுவில் இந்தக் கைது. அந்த வாரம் நாசா என்ற பெயரைக் கேட்டவர்களில் எத்தனை பேருக்குத் தலைக்கு மேலே ஒரு பெண் மணிக்கணக்கில் வேலை செய்துகொண்டிருந்தது தெரிந்திருக்கும்? இந்தத் தேதிகளைச் சேர்த்துப் பார்த்துச் சொன்னவர் ஆசிரியைதான்.

கடைசியில் இந்தப் புத்தகத்தை அடுத்தவருக்குப் படிக்கக் கொடுக்கலாமா என்று பேச்சு வந்தது. பாதிப் பேர் வேண்டாம் என்றார்கள். ஐயா கொடுக்கலாம் என்றார், ஆனால் வழக்குக் கட்டை முடித்துக் கொடுக்க வேண்டும் என்றார். அவரே உட்கார்ந்து 2009 நவம்பரில் வந்த நீதிமன்றச் செய்திகளைத் தேடி எடுத்து, தமிழில் ஒரு பக்கத்துக்கு எழுதிக்கொண்டு வந்தார். அன்றைக்கு நீதிமன்றத்தில் நோவாக் அந்தப் பெண்ணைப் பார்த்து மன்னிப்புக் கேட்டார். அதற்கு முன்னால் அந்தப் பெண் பேசியிருந்தார். கெட்ட கனவுகளைப் பற்றி, தூக்கம் போனதைப் பற்றிச் சொன்னார். தன்னைக் கொல்லத்தான் நோவாக் வந்தார் என்பதில் தனக்குத் துளி சந்தேகமும் இல்லை என்று, சம்பவம் நடந்து இரண்டரை வருடத்துக்கு மேல் ஆனபிறகும் சொன்னார்.

அந்தத் தாளைப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் பசை தடவி ஒட்டினோம். ஒட்டியது அக்கா. முதலில் தாள் கொஞ்சம் கோணலாகப் போய்விட்டது. பிய்த்து மறுபடி நேராக ஒட்டினார். புத்தகம் இப்போது எங்கள் அலமாரியில் இருக்கிறது. எடுத்துப் போகிற ஒவ்வொருவரிடமும் ஐயா சொல்லி அனுப்புகிறார்: "கடைசித் தாளை முதல்ல படிச்சிடுங்க."

வணக்கம்.