கழுத்துக்குள் ஒரு கடுகு

வணக்கம் நேயர்களே. என்னிடம் கழுத்து ஸ்கேனுக்கு வருகிறவர்கள் அநேகமாக தைரொயிட் கட்டியைப் பார்க்கத்தான் வருவார்கள். தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஓர் அக்காவும் அப்படித்தான் வந்தார். முப்பது வயதிருக்கும். கொழுந்து நிறுத்துக் கொடுத்த கையோடு பஸ் ஏறியிருக்கிறார், விரல் நுனியில் கறை அப்படியே இருந்தது. தைரொயிட்டில் ஒன்றுமில்லை. ஆனால் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், "டொக்டர், அந்தப் பெரிய வட்டத்துக்குப் பக்கத்துல குட்டியா ஒன்னு இருக்கே, அது கட்டிங்களா?" என்று கேட்டார்.

நல்ல கண். துடிக்கிற வட்டம் மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் நாடி. கருவியை லேசாக அழுத்தினால் சப்பையாகிவிடுவது, இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் நாளம். இரண்டுக்கும் இடையில், துடிக்காமலும் சப்பையாகாமலும் கடுகு மாதிரி நிற்பதுதான் வேகஸ் நரம்பு. குறுக்குவெட்டு சுமார் 2 சதுர மில்லிமீற்றர்.

மூளையிலிருந்து இறங்கி, நெஞ்சைக் கடந்து வயிறு வரை போகிற நரம்பு இது. இலத்தீனில் வேகஸ் என்றால் அலைகிறவன். இதயத்துக்கு இதுதான் பிரேக். இதயத்தை அதன் போக்கில் விட்டால் நிமிடத்துக்கு 100 தடவை போல அடிக்கும். சும்மா இருக்கும்போது 70, 80 என்று நிற்கிறதே, அது வேகஸ் இழுத்துப் பிடிப்பதால். 1921இல் ஒட்டோ லோவி என்ற விஞ்ஞானி, தவளை இதயம் ஒன்றின் வேகஸைத் தூண்டி, அதைச் சுற்றியிருந்த திரவத்தை இன்னோர் இதயத்தில் விட்டார். அதுவும் மெதுவானது. நரம்பு பேசுவது அசற்றைல்கோலின் என்ற இரசாயனத்தால் என்பது பிறகு தெளிவானது. இந்தப் பரிசோதனை கனவில் தோன்றியதாக அவரே சொல்லியிருக்கிறார். 1936இல் நோபல் பரிசும் கிடைத்தது.

சரி, ஸ்கேனில் நரம்பு தடிப்பாகத் தெரிந்தால் பிரேக் நன்றாகப் பிடிக்குமா? அப்படிச் சொல்ல முடியாது. அதிலுள்ள இழைகளில் பெரும்பாலானவை உறுப்புகளிலிருந்து மூளைக்குச் சேதி கொண்டுபோகிறவை. இதயத்துக்கு வருபவை கொஞ்சம்தான். படம் நரம்பைக் காட்டும், வேலையைக் காட்டாது.

வேலையைப் பார்க்க வேறு வழி இருக்கிறது. இரத்த ஓட்டத்தைச் சத்தமாக மாற்றித் தரும் டொப்ளரைப் போட்டு, பக்கத்து நாடியின் சத்தத்தை அக்காவுக்குக் கேட்கவைத்தேன். மெதுவாக மூச்சை விடச் சொன்னேன். டுக், டுக்... இடைவெளி நீண்டது. மூச்சை இழுத்தபோது குறுகியது. விடும்போது வேகஸ் பிரேக்கை இறுக்குகிறது, இழுக்கும்போது தளர்த்துகிறது. மணிக்கட்டில் விரல் வைத்து நீங்களும் பார்க்கலாம். வயதானவர்களுக்கு இந்த வித்தியாசம் குறைவு, பயப்பட வேண்டாம். ஆனால் வேகஸைத் தூண்டுகிறேன் என்று கழுத்தை மட்டும் அழுத்தாதீர்கள். இதயம் திடீரென மெதுவாகி மயங்கி விழலாம். நாடியில் கொழுப்புப் படிந்தவர்களுக்குப் பக்கவாதம்கூட வரலாம்.

கழுத்தில் பூசிய ஜெல்லைத் துடைத்துக்கொண்டே அக்கா கேட்டார்: "அப்போ கிளினிக்ல ரத்தம் எடுக்கிறப்போ நான் மயங்கி விழுந்தது? காத்து கருப்பு அடிச்சிருச்சின்னு கயிறு கட்டுனாங்களே."

ஊசியைக் கண்டு அப்படி விழுந்தால் அநேகமாக இந்தப் பிரேக்தான். அந்த நேரம் இரத்தக்குழாய்களும் தளர்ந்து அழுத்தம் இறங்கிவிடும். அடுத்த முறை படுத்துக்கொண்டே இரத்தம் எடுக்கும்படி நர்ஸ் மிஸ்ஸிடம் முதலிலேயே சொல்லுங்கள் என்றேன். கயிறு கையிலேயே இருக்கட்டும் என்றார். இருக்கட்டும் என்றேன்.