பாஸ்டன் மராத்தானில் முதலில் ஓடிய பெண் யார்?

போன வீடியோவில் பாஸ்டன் மராத்தானைப் பற்றிப் பேசும்போது, 1967-இல் கேத்ரின் சுவிட்சர் ஓடியதைச் சொல்லியிருந்தேன். அதைப் பார்த்த ஒரு நேயர், "அவருக்கு முந்தின வருடமே ஒரு பெண் ஓடி முடித்துவிட்டார் என்கிறார்களே, அப்படியானால் முதல் பெண் யார்?" என்று கேட்டிருக்கிறார்.

நல்ல கேள்வி. ஓடி முடித்த முதல் பெண் பாபி கிப், 1966-இல். முறைப்படி பதிவு செய்தவர்களுக்குத் தரும் எண் அட்டையை நெஞ்சில் குத்திக்கொண்டு ஓடிய முதல் பெண் சுவிட்சர். அந்த அட்டை இருக்கிறதா இல்லையா என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

இந்தப் போட்டி 1897-இல் வெறும் 15 பேரோடு தொடங்கியது. முந்தின வருடம் ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் நடந்த மராத்தானைப் பார்த்துத்தான் பாஸ்டன்காரர்களுக்கு இந்த ஆசையே வந்தது. அன்றைக்குத் தூரம்கூட 42 கிலோமீட்டர் கிடையாது, 39 கிலோமீட்டர்தான். அப்புறம் தூரம் கூடியது, தொடக்க இடம் ஹாப்கின்டன் என்ற சிற்றூருக்கு மாறியது, ஓடுகிறவர்கள் பெருகினார்கள். பெண்களுக்கு மட்டும் எழுபது வருடமாக இடமே இல்லை.

கிப் முறைப்படி கடிதம் எழுதித்தான் கேட்டார். பெண்களின் உடல் இவ்வளவு தூரத்தைத் தாங்காது, அனுமதி இல்லை என்று பதில் வந்தது. 23 வயதுப் பெண், கலிபோர்னியாவிலிருந்து நாள்கணக்கில் பஸ்ஸில் உட்கார்ந்து வந்து, அண்ணன் தம்பி போடுகிற அரைக்கால் சட்டையையும் தலையை மூடும் மேல்சட்டையையும் போட்டுக்கொண்டு, தொடக்கக் கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு புதரில் ஒளிந்திருந்தார். கூட்டத்தில் பாதிப் பேர் கடந்ததும் நடுவில் புகுந்துவிட்டார். பின்னால் வந்த ஆண்களுக்குக் கொஞ்ச நேரத்திலேயே தெரிந்துவிட்டது. இந்தச் சட்டையோடு வேகிறது, கழற்றினால் வெளியே தள்ளிவிடுவார்களோ என்று அவர் பயந்தபோது, நாங்கள் விடமாட்டோம் என்று தைரியம் சொன்னதும் அவர்கள்தான். எனக்கு இந்த வரலாற்றிலேயே மிகவும் பிடித்த இடம் இது. 3 மணி 21 நிமிடத்தில் முடித்தார், ஓடிய ஆண்களில் பெரும்பாலானவர்கள் அவருக்குப் பின்னால்தான் வந்தார்கள்.

அடுத்த வருடம் சுவிட்சர். அவர் 'கே. வி. சுவிட்சர்' என்று கையெழுத்திட்டு விண்ணப்பித்தார், அந்தப் பெயரில் பெண் என்று தெரியாததால் 261 என்ற எண்ணும் கிடைத்தது. சில மைல் போனதும் போட்டி அதிகாரி ஜாக் செம்பிள் ஓடி வந்து அந்த அட்டையைப் பிய்க்கப் பார்த்தார், சுவிட்சரோடு ஓடிய அவருடைய காதலர் செம்பிளை இடித்துத் தள்ளினார், பத்திரிகைக்காரர்களின் வண்டி சரியாக அங்கேயே இருந்ததால் படம் உலகமெல்லாம் போனது. நம்மில் பலருக்குச் சுவிட்சர் பெயர் மட்டும் தெரிவதற்கு அந்தப் படம்தான் காரணம். ஆனால் அதே 1967-இல் கிப்பும் ஓடினார் என்பதையும், சுவிட்சருக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்னாலேயே முடித்தார் என்பதையும் யாரும் சொல்வதில்லை.

அதற்காகச் சுவிட்சரைக் குறைத்துப் பேசாதீர்கள். கிப்பால் முடியும் என்று காட்ட முடிந்தது, ஆனால் ஏட்டில் அவர் பெயரே இல்லை. சுவிட்சர் பெயர் ஏட்டில் இருந்தது, அதனால்தான் அவரைப் பிடித்து வெளியே தள்ளப் பார்த்தார்கள். அந்தச் சம்பவத்துக்குப் பிறகும் உடனே கதவு திறக்கவில்லை, 1972-இல்தான் பெண்களை முறைப்படி அனுமதித்தார்கள். அந்த வருடம் எட்டுப் பெண்கள் கிளம்பினார்கள், எட்டுப் பேரும் முடித்தார்கள், நினா குஸ்கிக் முதலில் வந்தார்.

கிப் 1966, 67, 68 என மூன்று வருடமும் பெண்களில் முதலாவதாக வந்ததைப் போட்டிக் குழு 1996-இல்தான் ஏற்றுக்கொண்டது. அவர் சிற்பியும்கூட. ஹாப்கின்டனில் 2021-இல் ஓடும் பெண்ணின் வெண்கலச் சிலை ஒன்றைத் திறந்தார்கள், அதைச் செய்தவர் அவரேதான்.