கடற்கரை ரயில் நிலையமும் அரை நிமிடக் கணக்கும்

நேயர்களுக்கு வணக்கம்.

மெரினாவுக்குப் போக நினைத்துச் சென்னைக் கடற்கரை நிலையத்தில் இறங்கிவிடுகிறவர்கள் இன்றும் உண்டு. வெளியே வந்தால் மணலும் இல்லை, அலையும் இல்லை. எதிரே ராஜாஜி சாலை, அதைத் தாண்டினால் துறைமுகம். துறைமுகம் கட்டப்படும் முன் கடல் அந்தச் சாலை ஓரம்வரை இருந்தது. கடல் தள்ளிப் போனாலும் பெயர் போகவில்லை. மெரினாவுக்குப் போகிறவர்கள் இங்கிருந்து வேளச்சேரி பறக்கும் ரயிலில் ஏறி, சேப்பாக்கத்திலோ திருவல்லிக்கேணியிலோ கலங்கரை விளக்கத்திலோ இறங்க வேண்டும். தாம்பரம் வண்டியில் ஏறினால் எழும்பூருக்குத்தான் போவீர்கள்.

இந்த நிலையத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் 1931 மே 11 அன்று பொதுமக்களுக்காக ஓடத் தொடங்கியது. நடத்தியது தென்னிந்திய ரயில்வே. மீட்டர் கேஜ் பாதை, அதாவது இரு தண்டவாளங்களுக்கு இடையே ஒரு மீட்டர் அகலம். மேலே கம்பியில் 1,500 வோல்ட் நேர்மின்சாரம். பின்னர் 1960களில் அது 25,000 வோல்ட் மாறுமின்சாரம் ஆனது. 2004இல் மீட்டர் கேஜ் வண்டிகள் விடைபெற்று, முழுக்க அகலப்பாதை வந்தது.

அன்று மின்சாரம் ஏன் தேவைப்பட்டது? இப்போதைய கணக்கில் சுமார் 29 கிலோமீட்டரில் 18 நிலையங்கள். சராசரியாக ஒன்றே முக்கால் கிலோமீட்டருக்கு ஒரு நிறுத்தம். நின்று நின்று புறப்படும் இந்த ஓட்டத்துக்கு நீராவி எஞ்சின் சரிப்படாது. வேகம் எடுப்பதற்குள் அடுத்த நிலையம் வந்துவிடும். மின்ரயிலில் இழுவை ஒரே இடத்தில் இல்லை. மூன்று பெட்டி கொண்ட ஒவ்வொரு யூனிட்டிலும் ஒரு மோட்டார் பெட்டி. 12 பெட்டி வண்டியில் அப்படி நான்கு. ஒன்று பழுதானால் வண்டி நிற்காது, ஆனால் பிக்கப் குறையும். கூட்ட நேரத்தில் வண்டி முக்கி முனகிக்கொண்டு கிளம்பினால் இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். இரண்டு முனையிலும் ஓட்டுநர் அறை இருப்பதால், கடற்கரை போன்ற முனையத்தில் எஞ்சினைக் கழற்றி மறுமுனையில் மாட்டும் வேலையும் இல்லை.

ஓடும்போது திடீரென விளக்கும் மின்விசிறியும் சில நொடி அணையும். பலர் கோளாறு என்று நினைக்கிறார்கள். அடுத்தடுத்த துணைமின் நிலையங்கள் வெவ்வேறு ஃபேஸில், அதாவது ஏற்ற இறக்கம் ஒரே நேரத்தில் சேராத மின்சாரம் தருகின்றன. இரண்டும் ஒட்டக் கூடாது என்பதால் நடுவில் மின்சாரமே இல்லாத ஒரு துண்டுக் கம்பி. அதை நெருங்கும்போது மோட்டார்மேன் (ஓட்டுநர்) மின் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்சான சர்க்யூட் பிரேக்கரைத் திறந்து, இருக்கும் வேகத்திலேயே வண்டியை உருள விடுவார். மெதுவாக வந்து அங்கே நின்றுவிட்டால் சிக்கல்தான்.

தாமதத்துக்கு எல்லோரும் சிக்னலைத் திட்டுவார்கள். சிக்னலும் காரணம்தான், ஆனால் தாமதம் கதவடியிலும் பிறக்கிறது. நடுவழி நிறுத்தம் ஒன்றுக்கு அரை நிமிடம். இறங்குகிறவர்களை விடாமல் ஏற முண்டியடித்தால் ஒரு நிலையத்துக்குப் பத்து நொடி போகும். நடுவில் 16 நிலையங்கள். பெருக்கிப் பாருங்கள், 160 நொடி. பின்னால் வரும் வண்டியும் சேர்ந்து தாமதிக்கும். தாமதமான வண்டி கடற்கரைக்கு வந்து திரும்பிப் போக வேண்டியது என்பதால், வந்த தாமதம் போகும் பயணத்திலும் ஒட்டிக்கொள்ளும்.

காலடியும் முக்கியம். தண்டவாளத்திலிருந்து பிளாட்பாரத்தின் உயரம் அதிகபட்சம் 84 சென்டிமீட்டர். பெட்டியின் தளம் ஏறக்குறைய 120. ஓர் அடிக்கு மேல் படி ஏற வேண்டும். வளைவான பிளாட்பாரத்தில் நேரான பெட்டி வளைந்து கொடுக்காது, அதனால் இடைவெளியும் கூடும். ஓடும் வண்டியில் தாவுகிறவர்கள் சறுக்குவது இங்கேதான்.

சீசன் டிக்கெட் பற்றி ஒரு வார்த்தை. இரண்டாம் வகுப்பில் மாத சீசனுக்கு 15 ஒருவழிப் பயணக் கட்டணம்தான். மாதம் எட்டு நாள் போய்த் திரும்பினாலே போட்ட பணம் வந்துவிடும்.

2025 ஏப்ரல் 19 முதல் இந்தத் தடத்தில் ஏசி மின்ரயிலும் ஓடுகிறது. அதில் கதவுகள் தானாக மூடும். எல்லாக் கதவும் மூடாமல் வண்டி நகராது. கடைசி நொடியில் ஒருவர் பையை நுழைத்தால் 12 பெட்டியும் அவருக்காகக் காத்திருக்கும்.