ஆப்பிரிக்கக் காவடிப்புழுவும் நம் கருவேலமும்

விழாத் தலைவர் அவர்களே, இந்தப் பள்ளிக்கு இடம் கொடுத்த பெரியவர் அவர்களே, தலைமையாசிரியை அம்மா அவர்களே, இந்த வெயிலிலும் எனக்குப் பொன்னாடை போர்த்திய ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே, மைக் செட்டோடு மல்லுக்கட்டும் தம்பிகளே, வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கியாஸ்மியா அசிமிலிஸ் என்ற ஆப்பிரிக்க அந்துப்பூச்சி எங்கெங்கே இருக்கிறது, எப்படிப்பட்ட இடத்தில் வாழ்கிறது, அதன் வாழ்க்கைச் சுற்று என்ன என்று மூன்று செய்திகள் சொல்ல வந்தேன்.

கென்யாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் வேல மரங்கள் நிற்கும் புல்வெளிகள்தான் அதற்கு வீடு. புழு காவடிப்புழு வகை. முன்காலை ஊன்றி, உடம்பை வளைத்துத் தூக்கி, பின்பக்கத்தைக் கொண்டுவந்து ஒட்டவைத்து நகரும். சாப்பாடு வேல இலை.

2002-இல் இதை ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் கொண்டுபோய் விட்டார்கள். ஏன்? 1890களில் ஆட்டுக்கு நிழலும் தீவனமும் ஆகும் என்று அங்கே நட்டது நம் நாட்டுக் கருவேலத்தை. பிறகு பண்ணைக்காரர்கள் செம்மறியை விட்டு மாட்டுக்கு மாறினார்கள். மாடு நெற்றைத் தின்று விதையை முழுசாகச் சாணியில் போட்டது. 1970களில் நல்ல மழையும் சேர, புல்வெளி முள்காடாயிற்று. வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டு குத்துதே குடையுதே என்பார்களே, அதுதான்!

அந்த மரத்தைத் தின்று அடக்கத்தான் கொண்டுபோன அந்துப்பூச்சி, வட குயின்ஸ்லாந்துக் கடலோரத்தில் நிலைத்துவிட்டது. சில இடங்களில் மரத்தையே மொட்டையடிக்கிறது. ஆனால் முள்காடு மண்டிக்கிடக்கும் வறண்ட உள்பகுதியில் நிலைக்கவில்லை. இலை இருந்தால் மட்டும் போதுமா? தட்பவெப்பமும் ஒத்துவர வேண்டும்.

சரி, நம் ஊர் விஷயத்துக்கு வருகிறேன். அங்கே களையான மரம் இங்கே நம் சொந்த மரம். எகிப்து முதல் இந்தியா வரை பரவியிருக்கும் இஸ்தூர்கியா டிஸ்புடாரியா என்ற இன்னொரு காவடிப்புழுவுக்குச் சோறு போடுவதும் அதுதான். ஆனால் நாம் என்ன செய்கிறோம்? 2017-இல் சீமைக் கருவேலத்தை அகற்ற உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது எங்கள் கண்மாய்க்கும் ஜேசிபி வந்தது. ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் குறுக்கே நின்றுகொண்டார். “தம்பி, இது நாட்டு மரம்டா.” டிரைவர் இறங்கவே இல்லை. “முள்ளுன்னா முள்ளுதான் தாத்தா.” பெரியவர் தரையிலிருந்து ஒரு நெற்றைப் பொறுக்கி நீட்டினார். மணி கோத்த மாதிரி விதைக்கு விதை இறுகின நெற்று. “சீமையில இப்படிக் காய்க்குமா? பூவைப் பாரு, மஞ்சள் உருண்டை. அதுல நீட்டுக் கதிர்ல்ல?” டிரைவர் சொன்னார்: “எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்.” பெரியவர் விடுவாரா? “மீசை வெச்சவனெல்லாம் உங்க அப்பனாடா?” என்றாரே பார்க்கலாம்! டிரைவரே சிரித்துவிட்டார். அந்த ஒரு மரம் தப்பியது. கரையில் நின்ற மற்றவை போயே போய்விட்டன.

சீமைக் கருவேலமும் நாம் வேட்டிக்குள் விட்டுக்கொண்ட ஓணான்தான். அகற்றட்டும், நானும் கை தட்டுகிறேன். ஆனால் நாட்டு மரத்தையும் சேர்த்துப் பிடுங்குவது எந்த ஊர் நியாயம்?

தலைவர் துண்டுச்சீட்டு அனுப்பிவிட்டார். வாழ்க்கைச் சுற்றை இன்னொரு கூட்டத்தில் வைத்துக்கொள்ளலாம். ஊராட்சி மன்றத் தலைவர் ஐயாவிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன்: அடுத்த முறை கண்மாய்க்குள் வண்டி இறங்குவதற்கு முந்தின நாள், ஆடு மேய்ப்பவர்களைக் கூட்டிப்போய் நாட்டுக் கருவேலம் ஒவ்வொன்றின் தூரிலும் சுண்ணாம்பு அடித்து வையுங்கள். சுண்ணாம்புக் காசு நான் தருகிறேன்.