கப்ளிங் ராடின் மேல் உட்கார்ந்தவர்

எல்லோருக்கும் வணக்கம். மாட்டுங்காவில், கொட்டுகிற மழையில், நூறு வருஷத்துக்கு முந்தைய ஊமைப்படக்காரர் ஒருவரைப் பற்றிக் கேட்க இத்தனை பேர் வந்திருக்கிறீர்கள். கடைசியில் ஃபில்டர் காபி உண்டு என்று யாரோ சொல்லிவிட்டார்கள் போலிருக்கிறது.

பஸ்டர் கீட்டன் என்றாலே சிரிக்காத அந்த முகத்தில்தான் பேச்சை ஆரம்பிப்பார்கள். நான் ரயிலில் ஆரம்பிக்கிறேன். ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன், வேறு வழி தெரியாது.

1926இல் எடுத்த ‘தி ஜெனரல்’. அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்துக் கதை. கீட்டன் எஞ்சின் டிரைவர். பட்டாளத்தில் சேரப் போகிறார். டிரைவராக இருந்தால்தான் அதிக உபயோகம் என்று அவரைக் கழித்துவிடுகிறார்கள், ஆனால் காரணத்தை அவரிடம் சொல்வதில்லை. இனிமேல் சீருடையில் வந்தால்தான் பேச்சு என்று காதலியும் போய்விடுகிறாள். மனிதர் போய்ச் சக்கரங்களை இணைக்கும் கப்ளிங் ராடின் மேல் உட்கார்கிறார், நம்மூர்த் திண்ணையில் உட்காருகிற மாதிரி. உள்ளே இன்னொருவர் எஞ்சினை நகர்த்துகிறார். ராடு மேலே போகிறது, கீழே வருகிறது. அதோடு இவரும் மேலே போகிறார், கீழே வருகிறார். அவருக்கு ஒன்றுமே தெரியவில்லை, அவ்வளவு துக்கம். எஞ்சின் ஷெட்டுக்குள் நுழையப் போகும்போதுதான் விழித்துப் பார்க்கிறார்.

இவ்வளவுதான் காட்சி. கேமரா தள்ளி நிற்கிறது. முழு மனிதரும், பெரிய சக்கரமும், நகரும் எஞ்சினும் ஒரே சட்டத்துக்குள். நடுவில் வெட்டி முகத்தை மட்டும் பெரிதாகக் காட்டியிருந்தால் நிஜமாகவே அவர்தான் உட்கார்ந்தாரா என்று நமக்குச் சந்தேகம் வந்திருக்கும். கீட்டன் அந்தச் சந்தேகத்துக்கு இடமே கொடுக்கமாட்டார். எனக்கு அவரிடம் பிடித்ததே இந்த நாணயம்தான்.

1928இல் வந்த ‘ஸ்டீம்போட் பில் ஜூனியர்’ படத்தில் புயலில் ஒரு வீட்டின் முன்சுவர் அப்படியே பெயர்ந்து அவர்மேல் விழுகிறது. மாடி ஜன்னல் திறந்திருக்கிறது. அந்த ஓட்டை அவரைச் சுற்றி இறங்க, அவர் நின்ற இடத்திலேயே நிற்கிறார். டன் கணக்கில் கனமுள்ள நிஜச் சுவர். தோளுக்கும் சட்டத்துக்கும் நடுவே சில அங்குல இடைவெளி. அளந்து, குறித்த இடத்தில் காலை வைத்து நின்றிருக்கிறார். இதே வித்தையைச் சின்ன அளவில் 1920இல் ‘ஒன் வீக்’ படத்திலேயே செய்து பார்த்திருக்கிறார் என்பதையும் கவனியுங்கள். துணிச்சல் என்று சொல்கிறோம். எனக்கென்னவோ அது கொத்தனார் கணக்காகத்தான் படுகிறது.

எங்கே கற்றார்? மேடையில். 1895இல் பிறந்தவர். விவரம் தெரியாத வயதிலேயே அப்பா அம்மாவோடு மேடையேறிவிட்டார். அப்பா பையனைத் தூக்கி எறிவார், அதுதான் நிகழ்ச்சி. பிடித்து எறிய வசதியாகச் சட்டையில் பெட்டியின் கைப்பிடியைத் தைத்திருப்பார்களாம்! விழுந்து எழுந்து இவன் சிரித்தால் கூட்டம் சிரிப்பதில்லை, உம்மென்று இருந்தால் சிரிக்கிறது. அந்த முகம் அங்கே வந்தது. நம் கலைவாணருக்குப் பேச்சும் பாட்டும் துணை, பக்கத்தில் மதுரமும் உண்டு. இவருக்கு உடம்பு ஒன்றுதான்.

‘தி ஜெனரல்’ ஓடவில்லை. 1928இல் பெரிய ஸ்டுடியோ ஒன்றில் சேர்ந்தார், படங்கள் அவர் கையைவிட்டுப் போயின, குடியும் சேர்ந்துகொண்டது. அதை நீட்ட எனக்கு விருப்பமில்லை.

என் அப்பா நீராவி எஞ்சின் ஃபிட்டர். பம்பாயில் 1925லேயே வி.டி. என்கிற விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லாவுக்கு மின்சார ரயில் ஓட ஆரம்பித்துவிட்டது, ஆனாலும் அவர் மனசெல்லாம் நீராவிதான். ஒருமுறை வாடகைக்கு வி.சி.ஆர். எடுத்து அவருக்கு இந்தப் படத்தைப் போட்டேன். ராடு காட்சி வந்தது. நாங்களெல்லாம் சிரித்தோம். அப்பா நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். “டேய், ஸ்டீம் விடற ரெகுலேட்டரைக் கொஞ்சம் அதிகமாத் திறந்தா போச்சு! சக்கரம் ஸ்லிப் ஆகி நின்ன இடத்துலேயே சுத்தும், ஆளைத் தூக்கி அடிச்சிடும்” என்றார். அந்த அபாயம் உண்மைதான். கீட்டனே பிற்காலத்தில் அதைச் சொல்லியிருக்கிறார்.

மறுபடி போடச் சொன்னார். இந்தத் தடவை கீட்டனைப் பார்க்கவே இல்லை, சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு மெதுவாகக் கிளம்புகிறது என்று கையால் காற்றில் வட்டம் போட்டுக் காட்டினார்.

“உள்ளே வண்டியை எடுத்தவன் கெட்டிக்காரன்டா. பேர் போட்டிருக்கானா பாரு” என்றார். அப்புறம் கேசட்டை முதலிலிருந்து ஓட்டி, எழுத்து வருகிற இடத்தில் நிறுத்தச் சொல்லிவிட்டுக் கண்ணாடியைத் தேடினார்.