அம்மாவை நுவரெலியாவுக்குக் கூட்டிப்போகலாமா?

வணக்கம். போன கிழமை வந்த கேள்விகளில் ஒன்று இரண்டு நாளாக என் தலைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. வெள்ளவத்தையிலிருந்து ஒரு மகள் எழுதியிருக்கிறார். வாசிக்கிறேன்: "டொக்டர், அம்மாவுக்கு 78 வயது. பிரஷரும் சீனியும் இருக்கிறது. தம்பி குடும்பம் கனடாவிலிருந்து டிசம்பர் லீவுக்கு வருகிறது. எல்லோரும் வான் பிடித்து மூன்று நாள் நுவரெலியா போகிறோம். குளிர் அம்மாவுக்கு ஒத்துவருமா? எப்படியான ஸ்வெட்டர் வாங்கலாம்?"

ஸ்வெட்டருக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பிறகு நான் என் கதைக்குப் போய்விடுவேன், உங்களுக்குத்தான் தெரியுமே.

கொழும்பில் டிசம்பர் விடியற்காலை 22, 23 பாகை வந்தாலே "பனி கொட்டுது" என்று தலையில் துவாய் சுற்றுகிற ஆட்கள் நாங்கள். நுவரெலியா கிட்டத்தட்ட 1,870 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இரவில் 10 பாகைக்குக் கீழே இறங்கும். வயது போனவர்களுக்குத் தோலுக்கு அடியில் கொழுப்பு குறைவு. நடுங்கி உடம்பைச் சூடாக்குகிற சக்தியும் குறைவு. குளிரில் இரத்தக் குழாய் சுருங்கி பிரஷர் ஏறும். ஆகவே மொத்தமான ஸ்வெட்டர் ஒன்றைவிட, மெல்லிய உடுப்பு இரண்டு மூன்றை ஒன்றின் மேல் ஒன்றாகப் போடுவது நல்லது. தலைக்குத் தொப்பி. சொக்ஸ் போட்டால் அடியில் ரப்பர் பிடி உள்ளதாகப் போடுங்கள், வெறும் சொக்ஸ் சீமெந்துத் தரையில் சறுக்கும். அறையைச் சூடாக்க யாராவது கரிச்சட்டி கொண்டுவந்து வைத்தால் உடனே வெளியே எடுப்பியுங்கள். பூட்டின அறையில் கரி எரிந்தால் கார்பன் மொனொக்சைட் சேரும். அதற்கு மணம் இல்லை, நிறம் இல்லை. நித்திரையிலேயே ஆள் முடிந்துவிடும்.

ஸ்வெட்டர் முடிந்தது. இனி வான்.

நுவரெலியாவுக்கு ஐந்தாறு மணித்தியாலம் என்று வையுங்கள், கித்துல்கலையில் தேத்தண்ணிக்கு நிற்பீர்கள். இதில் அம்மா என்ன செய்வார் தெரியுமா? முதல் நாள் பின்னேரத்திலிருந்தே தண்ணீரைக் குறைப்பார். வழிக் கக்கூசில் குந்த முழங்கால் விடாது, நிற்பாட்டச் சொல்ல வெட்கம். காலையில் போடுகிற சலம் போகிற குளிசையையும் சத்தமில்லாமல் விட்டுவிடுவார். கேட்டால் "போட்டிட்டன் பிள்ளை" என்பார்.

எனக்கு இது புத்தகத்தில் படித்து வந்த அறிவில்லை. என் அம்மாவையே ஒரு டிசம்பரில் கதிர்காமம் கூட்டிப்போனேன். மூன்றாம் நாள் எழும்பி நின்றவர் அப்படியே கதிரையில் சரிந்தார். பிரஷர் பார்க்கிற கருவியைத் தேடி அவருடைய கைப்பையைத் திறந்தால், திருநீற்றுச் சரைக்குப் பக்கத்தில், லேஞ்சியில் முடிச்சுப் போட்டு மூன்று வெள்ளைக் குளிசை. மூன்று நாள் கணக்கு. மகன் டொக்டர்! குளிசையை விட்டதால் சரியவில்லை, மூன்று நாளாகத் தண்ணீரே ஒழுங்காகக் குடிக்காததால் சரிந்தார். வயது போகப் போகத் தாகம் தெரிவதும் குறைந்துவிடும். அதனால் "தாகமா அம்மா?" என்று கேட்காதீர்கள், கையில் கொடுங்கள். ஒன்றரை மணித்தியாலத்துக்கு ஒரு தரம் நீங்களாகவே "எனக்கு இறங்க வேண்டும்" என்று சொல்லி வானை நிறுத்துங்கள். பழி உங்கள் மேல் இருக்கட்டும். அந்தக் குளிசையைப் போய்ச் சேர்ந்த பிறகு போடலாமா என்று பார்க்கிற டொக்டரிடம் முன்னமே கேட்டுவையுங்கள். சீனிக் குளிசை போட்டுவிட்டுப் பகல் சாப்பாடு மூன்று மணிக்கு என்றால் சீனி இறங்கும், கையில் பிஸ்கட் இருக்கவேண்டும்.

அப்புறம், இந்த மகள் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. நான் இரண்டு நாளாக யோசித்தது அதைத்தான். கனடாவிலிருந்து வருகிற தம்பி குடும்பம் எந்த அறையில் படுக்கப்போகிறது?

பழைய ஆட்கள் சிரிப்பது தெரிகிறது, "டொக்டர் திரும்பவும் பாத்ரூம் வாசற்படிக்கு வந்திட்டார்" என்று. வந்துவிட்டேன்தான். வெள்ளவத்தை ஃபிளாட்டில் இரண்டு அறை. "அதுகள் ஏசி இல்லாமல் படுக்காதுகள்" என்று அம்மா தன் கட்டிலைக் கொடுத்துவிட்டு ஹோலில் மெத்தை போட்டுக்கொள்வார். கட்டிலிலிருந்து பாத்ரூமுக்கு அவருக்குக் கணக்கு இருந்தது: இடது கை அலுமாரியில், பிறகு சுவரில், எட்டு அடி. லைட் போடாமலே போய்வருவார். இப்போது நிலத்திலிருந்து எழும்பவேண்டும், பிடிக்க ஒன்றும் இல்லை, நடுவில் திறந்தபடி சூட்கேஸ், போன் சார்ஜர் வயர், பேரனின் கார். நான் டிஸ்பென்சரி வைத்திருந்த காலத்தில் இடுப்பெலும்பு முறிந்த ஒரு அம்மா இப்படித்தான், விடியப்புறம் மூன்று மணிக்கு, மகளின் சூட்கேஸ் கைபிடியில் சேலை மாட்டி விழுந்தவர். நுவரெலியாக் குளிரில் இல்லை, கடற்காற்று வீசுகிற சொந்த ஹோலில்.

குளிரை மட்டும் பிடித்துக்கொள்ளாதீர்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. ஸ்வீடனில் 1998 முதல் 2013 வரையிலான மாரடைப்புகளை எடுத்துப் பார்த்தார்கள். அங்கே குளிர்காலம் முழுக்கக் குளிர்தான். ஆனால் டிசம்பர் 24 அன்று மட்டும் 37 வீதம் கூட, அதிலும் இரவு பத்து மணியளவில்தான் உச்சம். 75 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் சீனி உள்ளவர்களுக்கும் ஆபத்து அதிகம். ஏன் என்பதை அந்த ஆய்வு நிறுவவில்லை. என் எண்ணம், சாப்பாடு, நித்திரை, குளிசை, மனம் எல்லாமே ஒரே இரவில் தடம் மாறுவதுதான். அன்றிரவு நெஞ்சு இறுகுது என்றால் "கேக் சாப்பிட்ட காஸ்" என்று சோடா கொடுத்துக்கொண்டு இருக்காதீர்கள். 1990க்கு அடியுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

திருவெம்பாவைக்கு நாலு மணிக்குப் பச்சைத் தண்ணீரில் தலை முழுகிவிட்டுக் கொச்சிக்கடை பொன்னம்பலவாணேசரிடம் போகிற அம்மாக்களைத் தடுக்க எனக்குத் தைரியம் இல்லை. சுடுதண்ணீர் கலந்து கொடுங்கள். அந்தக் கருங்கல் தரையில் தண்ணீர் நின்றால் வெறுங்காலுக்கே வழுக்கும், கையைப் பிடித்துக்கொண்டு ஒரு ஆள் போகட்டும்.

ஆகவே பிள்ளை, நுவரெலியா போய்வாருங்கள். அங்கே அறை எடுக்கும்போது பாத்ரூம் உள்ளேயே இருக்கிறதா, படி இருக்கிறதா என்று கேட்டு எடுங்கள். தலையணைக்குக் கீழே ஒரு டோர்ச். வெள்ளவத்தையில் அம்மா தன் கட்டிலிலேயே படுக்கட்டும். மெத்தையைத் தம்பிக்குப் போடுங்கள், அவர் விழுந்தாலும் நாலு அங்குலம்தான்.

அடுத்த கேள்வி மட்டக்குளியிலிருந்து. சீனி உள்ளவர் கிறிஸ்மஸ் கேக் சாப்பிடலாமா என்று கேட்கிறார். எத்தனை துண்டு என்று மட்டும் எழுதவில்லை.